பல கதைகளுக்கு ஒரே மதிப்பெண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுதி இயக்கி 2003 நவம்பரில் வெளிவந்த 'லவ் ஆக்சுவலி' என்ற பிரிட்டிஷ் காதல் நகைச்சுவைப் படத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கருத்துகளைத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கத்துக்குத் தொகுத்து வெளியிட்டிருந்தீர்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போதெல்லாம் மீண்டும் பேசப்படும் ஒரு படத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் வந்த கருத்துகளைப் 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து, கீழே சராசரி மதிப்பெண்ணாகச் சில நட்சத்திரங்களையும் போட்டிருந்த முறை எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, இடமிருந்தால் வெளியிடுங்கள்.

இந்தப் படம் 135 நிமிடங்கள் ஓடுகிறது. கிறிஸ்துமஸுக்கு ஐந்து வாரங்கள் முன்பு தொடங்கி, ஏறக்குறைய பத்துக் கதைகளைப் பெரும்பாலும் லண்டன் நகரிலேயே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போகிறது. கணக்குப் பார்த்தால் ஒரு கதைக்குச் சராசரியாகக் கால் மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. பிரதமரும் அவருடைய இல்லத்தில் பணிபுரியும் இளம்பெண்ணும், மனைவியை அண்மையில் இழந்தவரும் அவர் பொறுப்பில் வளரும் சிறுவனும், நண்பனின் மனைவியை மனத்துக்குள் நேசிப்பவன், மொழி தெரியாத பணிப்பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கும் எழுத்தாளர், கணவனின் சபலத்தைக் கண்டுபிடிக்கும் நடுவயது மனைவி, புகழ் மங்கிய ஒரு பாடகர் என்று ஆளுக்கு ஒரு கதை. தங்கள் பக்கத்தில் படத்தைப் பாராட்டியவர்களில் பெரும்பாலோர் நினைவில் வைத்திருப்பது பிரதமராக வரும் ஹியூ கிராண்ட் தம் இல்லத்தில் தனியாக ஆடும் நடனத்தை. திட்டியவர்களில் பெரும்பாலோர் எழுதியிருப்பது, வாசற்படியில் அட்டைகளைக் காட்டிக் காதலைச் சொல்லும் காட்சியைப் பற்றி. இந்த இரு தரப்பினரும் ஒருவரோடு ஒருவர் முரண்படவே இல்லை. ஆளுக்கு ஒரு கதையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களை எதிரெதிர்ப் பத்திகளில் நிறுத்தியபோது இல்லாத ஒரு சண்டை உண்டாகிவிட்டது.

பல கதைகள் பின்னப்பட்ட படம் என்றாலும் எல்லாப் படங்களிலும் பின்னல் ஒரே மாதிரி இருப்பதில்லை. 'லவ் ஆக்சுவலி'யில் கதைகளை இணைப்பது பெரும்பாலும் அறிமுகம் மட்டுமே. அந்த நடுவயது மனைவி கேரன் பிரதமரின் சகோதரி; மனைவியை இழந்த டேனியலுக்கு அவள் தோழி; எழுத்தாளர் ஜேமி, நண்பனால் நேசிக்கப்படும் அந்த மனைவி ஜூலியட்டின் திருமணத்துக்கு வந்த விருந்தினர்களில் ஒருவர்; பிரதமர் வீடு வீடாகக் கதவைத் தட்டித் தம் இல்லத்துப் பணியாளர் நடாலியைத் தேடும்போது அடுத்த வீட்டில் குடியிருப்பவள் கேரனின் கணவனை மயக்கிய மியா. இந்த உறவுகளைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிறு மகிழ்ச்சி கிடைக்கிறதே தவிர, ஒரு கதையில் நடப்பது இன்னொரு கதையின் போக்கை மாற்றுவது மிகக் குறைவு. படப்பிடிப்பில் நடிகர்களுக்குப் பதிலாக நின்று கொடுக்கும் ஜான், ஜூடி என்ற இருவரின் கதையைச் சில தொலைக்காட்சி ஒளிபரப்புகளில் முழுவதுமாக வெட்டிவிடுகிறார்கள். படத்தை முதன்முறை பார்ப்பவர்களுக்கு எதையோ இழந்த உணர்வே வருவதில்லை. இவ்வளவு தளர்வாகக் கோக்கப்பட்ட கதைகளுக்கு ஒரே மதிப்பெண் கேட்டால், வாசகர் தமக்கு மிகப் பிடித்த அல்லது மிக எரிச்சலூட்டிய கதையின் மதிப்பெண்ணைத்தான் மொத்தப் படத்துக்கும் எழுதி அனுப்புவார்.

பின்னல் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. அது கேரனின் கதை. அவளுடைய கணவன் ஹாரி (மறைந்த ஆலன் ரிக்மன்) தன் அலுவலகத்து இளம்பெண்ணுக்காக ஒரு தங்கப் பதக்கச் சங்கிலி வாங்கும் காட்சியில், நகைக்கடை விற்பனையாளராக வரும் ரோவன் அட்கின்சன் அந்தப் பொட்டலத்தைக் கட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்து அரங்கே சிரிக்கும். மனைவி எந்த நொடியும் வந்துவிடக்கூடும் என்ற பதற்றத்தில் ஹாரி தவிக்கத் தவிக்க, அவரோ பெட்டிக்கு மேல் அலங்காரம், அலங்காரத்துக்கு மேல் வாசனைப் பொருள் என்று அடுக்கிக்கொண்டே போவார். அதே சங்கிலியைக் கணவனின் மேலங்கிப் பையில் பார்த்துத் தனக்கென்று நம்பிய கேரன், கிறிஸ்துமஸ் பரிசைப் பிரிக்கும்போது உள்ளே இருப்பது பாடகி ஜோனி மிட்செலின் இசைத்தட்டு. படுக்கையறைக்குப் போய் அந்த இசைத்தட்டை ஓடவிட்டுக் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறாள், கட்டிலின் விரிப்பை ஒருமுறை சரிசெய்கிறாள், பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு வெளியே வந்து பிள்ளைகளைப் பள்ளி நாடகத்துக்கு அழைத்துப் போகிறாள். வயிறு வலிக்கச் சிரித்த அதே பொருளுக்காக அடுத்துக் கலங்க வேண்டியிருப்பதுதான் இந்த வகைப் படத்தால் செய்ய முடிந்த உயர்ந்த காரியம் என்று கருதுகிறேன். கேரனாக வரும் எம்மா தாம்ப்சனின் நடிப்பைப் பற்றித் தங்கள் பக்கத்தில் 'பிடிக்கவில்லை' பத்தியில் எழுதியவர்கள்கூட ஒரு குறை சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இந்தக் கதையைப் படம் முடித்து வைக்கவில்லை என்பதும் பார்வையாளர்களிடம் நீண்ட காலமாக இருந்துவரும் குறை. ஒரு மாதத்துக்குப் பிறகு ஹீத்ரோ விமான நிலையத்தில் ஹாரியை வரவேற்க அவள் பிள்ளைகளோடு வந்து நிற்பதோடு சரி. மன்னித்தாளா, பொறுத்துக்கொண்டாளா என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. படத்தின் கதைத் திருத்துநராக இருந்தவரும் கர்ட்டிஸின் துணைவியுமான எம்மா ஃபிராய்டு, அவர்கள் பிரியவில்லை, ஆனால் அந்த வீடு முன்பு போல் மகிழ்ச்சியாக இல்லை என்று 2015இல் சமூக ஊடகத்தில் விளக்கம் கொடுத்தார். படம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் ஒரு துணைக்கதையின் முடிவைக் கேட்டுப் பார்வையாளர்கள் விடாமல் நச்சரித்திருக்கிறார்கள் என்றால், அந்தக் கதை அவர்களுக்குத் துணைக்கதையாக இல்லை என்றுதான் பொருள்.

அட்டைக் காட்சிக்கு வருகிறேன். மார்க் தன் நெருங்கிய நண்பனின் திருமணத்தைப் படமெடுக்கிறான். எடுத்ததில் மணப்பெண் ஜூலியட்டின் முகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. பிறகு கிறிஸ்துமஸ் முந்தின இரவு, கணவன் உள்ளே இருக்கும்போதே வாசலில் நின்று, கரோல் பாடுபவர்கள் வந்திருப்பதாகச் சொல்லச் செய்து, எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டித் தன் காதலைத் தெரிவிக்கிறான். 2003இல் இதைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் ஏராளம். இன்று இருபது வயதில் இருக்கும் பார்வையாளர்கள் பலருக்கு அவன் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லைப்படுத்துபவனாகத் தெரிகிறான். தங்கள் பக்கத்தில் இந்த வேறுபாட்டைத் தலைமுறைச் சண்டையாகவே காட்டியிருந்தீர்கள். ஆனால் இந்த ஐயம் புதிதாக முளைத்ததல்ல. மார்க்காக நடித்த ஆண்ட்ரூ லிங்கன், தான் பின்தொடரும் பேர்வழியாகத் தோன்றிவிட மாட்டேனா என்று படப்பிடிப்பின்போதே இயக்குநரிடம் திரும்பத் திரும்பக் கேட்டதாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். கர்ட்டிஸோ, ஒரு நேர்காணலுக்குப் போனபோது அந்தக் காட்சியை 'பின்தொடர்பவன் காட்சி' என்று பேட்டியாளர் குறிப்பிட, எந்தக் காட்சியைச் சொல்கிறீர்கள் என்று தாம் திகைத்ததை 2023இல் நினைவுகூர்ந்து, அது சற்று விசித்திரமான காட்சிதான் என்று ஒப்புக்கொண்டார். நடித்தவருக்கு அப்போதே தோன்றியது எழுதியவருக்கு எட்டப் பல ஆண்டுகள் ஆகியிருக்கிறது. அப்படியிருக்க, இளையவர்கள் எல்லாவற்றிலும் குற்றம் காண்கிறார்கள் என்று தங்கள் வாசகர் ஒருவர் சலித்துக்கொண்டதை ஏற்க முடியவில்லை.

அதே நேரத்தில் அந்தக் காட்சியின் பிடி சாதாரணமானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் பிரிட்டிஷ் பொதுத்தேர்தலின்போது அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன், அதே போல ஒரு வீட்டு வாசலில் நின்று அட்டைகளைக் காட்டி வாக்குக் கேட்கும் விளம்பரப் படம் ஒன்றில் நடித்தார். ஒரு நாட்டின் பிரதமர் தம் பரப்புரைக்கு எடுத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு காட்சி எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதைப் பகடி செய்தால் விளக்கமே தேவைப்படுவதில்லை. பிடிக்கவில்லை என்று எழுதியவர்களுக்கும் அது அணு அணுவாக நினைவில் இருப்பதைத் தங்கள் பக்கமே காட்டியது.

தனித்தனியாகத்தான் மதிப்பிட வேண்டும் என்றால் மொத்தப் படம் என்று ஒன்று இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மட்டுமே கண்ணில் படும் சில உண்மைகள் உண்டு. அவற்றைப் பற்றிய கருத்துதான் மொத்தப் படத்தைப் பற்றிய கருத்து. பிரதமர் விரும்புவது தம் இல்லத்துப் பணியாளரை. எழுத்தாளர் விரும்புவது தமக்குச் சமைத்து வீடு பெருக்க வந்த பெண்ணை. ஹாரி சபலப்படுவது தம் கீழ் வேலை செய்பவளிடம். ஒரு கதையாக வந்திருந்தால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். மூன்று கதைகள் வரிசையாக நிற்கும்போது, இந்தப் படத்தின் ஆண்களுக்குத் தங்களிடம் சம்பளம் வாங்கும் பெண்கள்தான் கண்ணில் படுகிறார்களா என்ற கேள்வி தானாக எழுகிறது. நடாலியின் உடல் பருமனை வைத்துத் திரும்பத் திரும்ப வரும் நகைச்சுவையும் அப்படித்தான். ஒருமுறை கேட்டால் அது ஒரு பாத்திரத்தின் அற்பத்தனம். அவளுடைய தந்தை வாயிலிருந்தும் அதே கேலி வரும்போது அது எழுதியவரின் பழக்கமாகிவிடுகிறது. செல்டனம் இலக்கிய விழாவில் 2023இல் தம் மகள் ஸ்கார்லெட் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன கர்ட்டிஸ், அத்தகைய நகைச்சுவை இனிச் சிரிப்பை வரவழைக்காது என்று கூறினார். வெள்ளையர் அல்லாதவர்களுக்குப் படத்தில் இடம் மிகக் குறைவாக இருந்தது தமக்குச் சங்கடத்தைத் தருவதாகவும் அதற்கு முந்தைய ஆண்டில் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். இத்தனைக்கும், இரண்டு முதிய பெண்களின் காதலைச் சொல்லும் ஒரு கதையும், ஆப்பிரிக்கத் தம்பதியின் ஒரு சிறு காட்சியும் படமாக்கப்பட்டு, பின்னர் நீளம் கருதி வெட்டப்பட்டன. எதை வெட்டலாம் என்று முடிவெடுக்கும்போது முதலில் போனவை அவை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

அமெரிக்காவின் 'அட்லாண்டிக்' இதழில் 2013இல் விமர்சகர் கிறிஸ்டஃபர் ஓர் வைத்த குற்றச்சாட்டும் இந்த வகைதான். இந்தப் படத்தில் காதல் என்பது பார்த்தவுடன் வரும் ஈர்ப்பாகவோ கடைசியில் செய்யும் பெரிய சாகசமாகவோ மட்டுமே இருக்கிறது, இடையில் இருவரும் பேசிப் புரிந்துகொள்ளும் கட்டமே கிடையாது என்பது அவர் வாதத்தின் சாரம். கட்டுரை வெளிவந்தபோது பெரிய விவாதம் நடந்தது. அவர் சொல்வது பெருமளவு சரி. ஆனால் கால் மணி நேரத்தில் ஒரு காதலைச் சொல்லி முடிக்க வேண்டியிருந்தால் தொடக்கமும் முடிவும்தான் மிஞ்சும், நடுப்பகுதி கரைந்துவிடும். அது எழுதியவரின் காதல் கொள்கையை விட அவர் தேர்ந்தெடுத்த வடிவத்தின் விலை என்றே நினைக்கிறேன். நடுப்பகுதி இருக்கும் ஒரே கதை கேரனுடையது. அங்கே திருமணம் முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன, கதை தொடங்குவதே நடுவில்.

சாராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாரா லின்னி நடித்த இந்தப் பாத்திரம் உடன் வேலை செய்யும் கார்ல் என்பவனை நெடுநாளாக விரும்புகிறது. கடைசியில் அவன் அவள் வீட்டுக்கே வந்துவிட்ட இரவில், மனநலக் காப்பகத்தில் இருக்கும் அவளுடைய சகோதரனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. எடுக்கிறாள். மறுபடியும் வருகிறது, மறுபடியும் எடுக்கிறாள். காதல் அத்தோடு முடிந்துவிடுகிறது. மற்ற எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் பரிசு கொடுத்த இயக்குநர், நோயுற்ற சகோதரனைப் பார்த்துக்கொள்ளும் இவளை மட்டும் தண்டித்துவிட்டார் என்று பார்வையாளர்கள் குறைபடுவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தொலைபேசியை எடுக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றாமலில்லை; எடுக்காமல் இருந்துவிட்டு நிம்மதியாக இருக்க அவளால் முடியாது. வீட்டில் ஒருவரின் நோயைத் தாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. எனக்குக் குறை கார்லின் மேல்தான்: ஒரு தொலைபேசி அழைப்பு முடியும்வரை காத்திருக்கவும், மறுநாள் வந்து கேட்கவும் அவனுக்கு என்ன தடை என்று படம் சொல்லவே இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குப் போனால் தன் ஆங்கில உச்சரிப்புக்கே பெண்கள் மயங்குவார்கள் என்று நம்பிப் புறப்படும் காலினின் கதை வெறும் விடலைக் கனவு. அதை ஆராய்வது வீண். விமானம் ஏறவிருக்கும் சிறுமியிடம் விடைபெறச் சிறுவன் சாம் விமான நிலையக் காவலைத் தாண்டி ஓடுவது, 2001 செப்டம்பர் நிகழ்வுகளைத் தொடக்கத்திலேயே குறிப்பிடும் ஒரு படத்தில் எப்படிச் சாத்தியம் என்று கேட்டவருக்கு என்னிடம் பதில் இல்லை. முதிய பாடகர் பில்லி மேக்காக வந்து அந்த ஆண்டின் சிறந்த துணை நடிகருக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதைப் பெற்ற பில் நைய், கிறிஸ்துமஸ் இரவைப் பெரிய விருந்தில் கழிக்காமல் தம் மேலாளரோடு கழிக்கத் திரும்பி வருவது காதலே இல்லாத கதை. படத்தின் மிக நேர்மையான அன்பு அறிவிப்பு அதுதான் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

தங்கள் பக்கத்தில் எவரும் தொடாத ஒன்று பிரதமர் கதையின் அரசியல். ஈராக் போர் தொடங்கிய ஆண்டில் வந்த படம் இது. பிரிட்டிஷ் பிரதமர் செய்தியாளர்களின் முன்னிலையில் அமெரிக்க அதிபரை நோக்கி, மிரட்டும் நண்பரை நண்பராகக் கொள்ள முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் காட்சியை அந்நாட்டுப் பார்வையாளர்கள் எப்படி வரவேற்றிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. 2005இல் தொழிற்கட்சி மாநாட்டில் பேசிய உண்மையான பிரதமர் டோனி பிளேர், படத்தில் வரும் ஹியூ கிராண்ட் போலத் தாமும் அமெரிக்காவை எதிர்த்துப் பேச வேண்டும் என்று நம்மில் ஒரு பகுதி விரும்புவது தமக்குத் தெரியும் என்று அந்தக் காட்சியைக் குறிப்பிட்டே பேச வேண்டியிருந்தது. அந்தக் கைத்தட்டலில் காதலுக்கு இடமே இல்லை. அப்படி மகிழ்ந்த ஒருவர் நான்கு நட்சத்திரம் கொடுத்திருந்தால், அதைக் காதல் படத்துக்கான நட்சத்திரங்களோடு கூட்டுவதில் என்ன பொருள் இருக்கிறது?

இந்த வடிவம் இந்தியாவுக்கும் வந்தது. நிகில் அத்வானி இயக்கி 2007இல் வெளியான இந்திப் படம் 'சலாம்-ஏ-இஷ்க்' ஆறு காதல் கதைகளை எடுத்துக்கொண்டு மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. சபலப்படும் நடுவயதுக் கணவனின் கதை அதிலும் அனில் கபூர், ஜூஹி சாவ்லா நடிக்க இடம்பெற்றது. நட்சத்திரக் கூட்டம் இருந்தும் எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. ஹாலிவுட்டில் கேரி மார்ஷல் 2010இலும் 2011இலும் பண்டிகை நாள்களை மையமாக வைத்து இதே பாணியில் எடுத்த இரண்டு படங்களை விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். அவற்றில் எதைப் பற்றியும் இன்று யாரும் சண்டை போடுவதில்லை. 'லவ் ஆக்சுவலி' பற்றி இன்னும் சண்டை நடக்கிறது என்றால், கதைகளுக்கிடையே தரத்தில் இருக்கும் பெரிய ஏற்றத்தாழ்வுதான் அதற்குக் காரணம் என்பது என் எண்ணம். எல்லாக் கதைகளும் ஒரே அளவில் சுமாராக இருந்திருந்தால் அதற்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கும்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய படத்தைப் பற்றி அடுத்த முறை வாசகர் கருத்து கேட்கும்போது, எந்தக் கதையைப் பற்றி எழுதுகிறார்கள் என்பதையும், படத்தை முதலில் எப்போது பார்த்தார்கள் என்பதையும் தவறாமல் குறிப்பிடச் சொல்லுங்கள். வெளியான நாளில் அரங்கில் பார்த்தவரும் இருபது ஆண்டுகள் கழித்து வீட்டில் கைப்பேசியில் துண்டு துண்டாகப் பார்த்தவரும் எழுதியவை ஒரே பத்தியில் ஆண்டுக் குறிப்பு இல்லாமல் கலந்து கிடந்ததால், பல கடிதங்களை எப்படி எடுத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. நட்சத்திரங்களைப் போட்டே ஆக வேண்டும் என்றால் கதைவாரியாகப் போடுங்கள். இடம் போதாது என்று சொல்வீர்கள். அந்தப் பக்கத்தில் கால் பகுதியைப் பிடித்திருந்த படத்தின் விளம்பரச் சுவரொட்டியைச் சிறிதாக்கினால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்
திருச்சிராப்பள்ளி